செய்யணுமா, செஞ்சாச்சா?

கொரிய மொழி படிக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு வாய்பாட்டை ஒப்பிப்பார்கள். வினையைப் பெயராக்க மூன்று வழி. வினையடியோடு 'கி' சேர்க்கலாம், 'உம்' சேர்க்கலாம், இல்லாவிட்டால் வினையைப் பெயரெச்சமாக்கி அதன் பின்னால் 'கொத்' போடலாம். 'மொக்' என்றால் உண். அதிலிருந்து மொக்கி, மொகும், மொங்நுன் கொத் என்று மூன்று வரும். மூன்றுக்கும் பொருள் உண்ணுதல். இன்னும் நடக்காத, பொதுப்படையான செயலுக்குக் 'கி', நடந்து முடிந்ததற்கு 'உம்', எல்லாவற்றுக்கும் 'கொத்'. அவ்வளவுதான், அடுத்த பாடம். பாடப்புத்தகத்திலும் இதுதான், யூடியூப் வகுப்பிலும் இதுதான். நானும் இதை மனப்பாடம் செய்துதான் டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வை எழுதினேன், தேர்வுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த பிறகுதான் அந்த வாய்பாடு உறுத்த ஆரம்பித்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கொரிய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதினால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'உம்'மில் வருகிற உகரம் 'பாட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் வருகிற நம் குற்றியலுகரம்தான். உதட்டைக் குவிக்கக் கூடாது. பல நாட்டு மாணவர்கள் அந்த ஒலிக்குத் திணறும்போது நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

சரி, என்ன உறுத்தல்? 'உம்' நடந்து முடிந்ததற்கு என்றால், கொரிய அகராதியைத் திறந்தவுடன் இடிக்கிறது. 'கோங்பு' என்றால் படிப்பு. தேசிய மொழி நிறுவனத்தின் அகராதி அதற்குத் தரும் விளக்கம், தமிழில் சொன்னால், 'கல்வியையோ தொழில்திறனையோ கற்றுப் பழகுதல்'. அந்தப் 'பழகுதல்' அங்கே 'இக்கிம்', அதாவது 'உம்' விகுதி (உயிரில் முடிகிற வினையடிக்குப் பின்னால் அது வெறும் 'ம்' ஆகிவிடும்). யாரும் எதையும் படித்து முடித்துவிடவில்லை. அகராதி பூராவும் செயலைக் குறிக்கும் பெயர்களுக்கு இப்படித்தான் விளக்கம் முடிகிறது. மறுபக்கம், 'கி' நடக்காததற்கு என்றால், 'அவன் வந்ததால்' என்பதற்குக் கொரியர்கள் 'வாத்கி தேமுனே' என்கிறார்கள். ஆள் வந்தேவிட்டான். இறந்தகால ஒட்டுகூட நடுவில் இருக்கிறது. ஆனாலும் 'கி'தான். அகராதி முழுக்க ஒரு விதிவிலக்கு, அன்றாடம் வாயில் வருகிற தொடர் இன்னொரு விதிவிலக்கு என்றால் அதை எப்படி விதி என்பது?

வகுப்பில் இதைக் கேட்டால் 'அது அப்படித்தான் வரும்' என்பார்கள். மொழி கற்பிப்பவர்கள் மேல் குறையில்லை, முப்பது பேரை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் எனக்கு அது அடங்கவில்லை.

கொத் நமக்கு ரொம்ப வசதி

முதலில், தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்று மட்டும் அநியாயத்துக்கு எளிது. 'இகொத்' என்றால் இது, 'குகொத்' என்றால் அது. அந்தக் 'கொத்'தைப் பெயரெச்சத்தின் வாலில் ஒட்டினால் 'ஓன் கொத்'. வந்த + அது, வந்தது. 'ஓனுன் கொத்' வருகிறது, 'ஓல் கொத்' வரப்போவது. காலத்தைப் பெயரெச்சம் பார்த்துக்கொள்ளும், பெயராக்குகிற வேலையை 'அது' பார்த்துக்கொள்ளும். நம் இலக்கணத்தில் இதற்கு வினையாலணையும் பெயர் என்று பெயர். எட்டாம் வகுப்பிலேயே மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்திருப்போம், ஆனால் வாய் மறக்காது.

நம்முடைய 'வந்தது'க்கு உள்ள இரட்டைக் குணம்கூட அங்கே இருக்கிறது. 'நான் சாப்பிட்டது இட்லி' என்றால் சாப்பிட்டது ஒரு பொருள். 'நான் சாப்பிட்டது அவளுக்குத் தெரியாது' என்றால் சாப்பிட்டது ஒரு செயல். கொரியனில் 'நேகா மொகுன் கொத்' என்பதும் அப்படியே இரண்டுக்கும் வரும், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். நமக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வசதிதான் வினையும். நம் ஆட்கள் எழுதுகிற கொரியனில் எங்கு பார்த்தாலும் கொத். டோபிக் இரண்டாம் நிலைத் தேர்வில் 54-ஆம் கேள்வி ஒரு கட்டுரை, 600 முதல் 700 எழுத்துக்குள் எழுத வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் 'கொத்' வரிக்கு வரி தலைகாட்டும். பேச்சில் யாரும் திருத்த மாட்டார்கள், ஏனென்றால் கொரியர்களே பேச்சில் அதைத்தான் அதிகம் புழங்குகிறார்கள். கொத் தேய்ந்து கொ ஆகும். வேற்றுமை உருபோடு சேர்ந்து கே, கொன், கொல் என்றெல்லாம் சுருங்கும். சாப்பாட்டு மேஜையிலும் தொலைபேசியிலும் இந்தச் சுருக்கங்களை வைத்தே காலம் தள்ளிவிடலாம். அப்படியானால் மற்ற இரண்டும் எங்கேதான் இருக்கின்றன?

'கி' பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. டோபிக் வினாத்தாளின் மூன்று பகுதிகளுக்குத் தலைப்பு துத்கி, ஸுகி, இல்கி: கேட்டல், எழுதுதல், படித்தல். கூட்டல் தொஹாகி, கழித்தல் பேகி, பெருக்கல் கோபாகி, வகுத்தல் நானுகி. ஓட்டப் பந்தயம் தல்லிகி, கயிறு தாண்டும் விளையாட்டு ஜுல்லொம்கி. கைப்பேசியில் 'அனுப்பு' என்ற பொத்தானில் 'போனேகி' என்று இருக்கும். எல்லாமே யாராவது வந்து செய்வதற்காகக் காத்திருக்கிற காரியங்கள்.

'உம்' இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சொற்களுக்குள்ளேயே உறைந்து போய். கனவு கும், தூக்கம் ஜம், நடனம் ச்சும், ஓவியம் குரிம், சிரிப்பு உசும், சாவு ஜுகும். நாம் 'ஆட்டம்', 'சிரிப்பு' என்று சொல்லும்போது ஆடு, சிரி என்ற வினைகளை நினைப்பதில்லையே, அதே மாதிரிதான். இன்னொரு இடம் காகிதம். அறிவிப்புப் பலகை, ரசீது, அலுவலக அறிக்கை. 'இசாங் ஒப்ஸும்' என்று ஒரு வரி இல்லாமல் எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டும் முடியாது. 'கோளாறு எதுவும் இல்லை' என்று அர்த்தம். கொரிய அலுவலகக் குறிப்புகளில் வரிக்கு வரி ஹம், தேம், இம், பரம் என்றுதான் முடியும். எழுவாய் கிடையாது, மரியாதை விகுதி கிடையாது. யாரிடம் பேசினாலும் எந்த மரியாதையில் பேசுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய ஒரு மொழியில், இந்த ஒற்றை மகரமெய் எவ்வளவு பெரிய விடுதலை என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

இணையத்தில் இளைஞர்கள் இதையே ஒரு நடையாக ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'உம்'மில் முடித்துக் கதை சொல்வது. அதற்கு 'உம்ஸும்ச்சே' என்றே பெயர். இதில் ஒரு எழுத்துப்பிழைக் கதையும் உண்டு. 1988-இல் அறிவித்து 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில், 'உம்னிதா' என்று எழுதிவந்த மரியாதை விகுதியை 'ஸும்னிதா' என்று மாற்றினார்கள். அதைப் பார்த்துப் பலர் 'இருக்கிறது' என்ற குறிப்புக்கான 'உம்'மையும் சேர்த்து 'ஸும்' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். உச்சரிப்பு ஒன்றுதான், எழுதினால் தவறு.

ஒரு செக் ஷீட்

எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த ஆராய்ச்சியில் எல்லாம் இல்லை. பிரஸ் லைனில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு செக் ஷீட் தொங்கும். கொரியனில் ஒன்று, அதன் கீழே தமிழில் ஒன்று. தமிழ்ப் பிரதி எனக்கு முன்னால் யாரோ செய்தது. இடது பக்கம் அன்றாடம் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். வலது பக்கம் முந்தின ஷிப்டில் என்ன நடந்தது என்று எழுதுவதற்கு ஒரு கட்டம், மேலே மாதிரிக்கு ஒரு வரி அச்சடித்திருக்கும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அண்ணா, இங்கயும் 'ஃபில்டர் சுத்தம் செய்தல்'னு போட்டிருக்கு, அங்கயும் 'ஃபில்டர் சுத்தம் செய்தல்'னு போட்டிருக்கு. செய்யணுமா, செஞ்சாச்சா?"

கொரியத் தாளைப் பார்த்தேன். இடது பக்கம் 'ச்சோங்சோஹாகி'. வலது பக்கம் 'ச்சோங்சோஹம்'. முதலாவதில் 'கி', இரண்டாவதில் 'உம்'. கொரிய ஆபரேட்டர் எவனுக்கும் இந்தச் சந்தேகம் வராது. இடது பக்கத்தைப் பார்த்தால் துணியை எடுப்பான், வலது பக்கத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போடுவான். மொழிபெயர்த்தவர் இரண்டையும் அகராதி சொன்னபடி 'செய்தல்' என்று ஆக்கியிருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, வாய்பாடு அப்படித்தானே சொல்கிறது, மூன்றுமே 'தல்' என்று. நம் 'தல்' காலம் காட்டாது. தொழிற்பெயர் காலம் காட்டாது என்று நன்னூல் வழி வந்த பாடத்தில் படித்ததுதான். தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் 'பொருள்' என்ற இடத்தில் 'நிதி ஒதுக்கீடு செய்தல் - சார்பு' என்று இருக்கும் பாருங்கள். ஒதுக்கியாயிற்றா, ஒதுக்கச் சொல்கிறார்களா, ஒதுக்க மாட்டோம் என்கிறார்களா என்பது நான்காவது பத்தி வரை போனால்தான் தெரியும்.

அந்தப் பையனிடம் இடது பக்கம் செய்ய வேண்டியது, வலது பக்கம் செய்தது என்று சொல்லிவிட்டேன். சுவரில் மூன்றாவதாக ஒரு பலகையும் இருந்தது. 'சோன்தேஜி மல் கொத்', கை வைக்கக் கூடாது. எதிர்காலப் பெயரெச்சத்தோடு கொத் சேர்ந்து வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டால் அது கட்டளை. ஆக, ஒரே சுவரில் மூன்று பெயராக்கமும் இருந்தன. செய்ய வேண்டிய வேலை 'கி'. எழுதி வைத்த பதிவு 'உம்'. மீறக் கூடாத விதி 'ல் கொத்'.

எனக்கு உடனே தோன்றியது இதுதான்: நடந்தது, நடக்காதது என்பது இங்கே விஷயமே இல்லை. 'உம்' என்பது பதிந்து வைப்பதற்கான வடிவம். எதையோ ஒரு தாளில் இருத்திவிட்டு நகர்கிறோம். அதனால்தான் ரசீதிலும் அகராதியிலும் ஷிப்ட் குறிப்பிலும் அது வருகிறது. அகராதி எழுதுகிறவர் 'கற்றுப் பழகுதல்' என்று எதையும் அறிவிக்கவில்லை, பதிகிறார். பின்னால் வருகிற வினைகளையும் பாருங்கள்: தெரிந்துகொள், வெளிப்படு, உணர், உறுதிசெய். இவற்றோடு 'உம்' ஒட்டும், ஏனென்றால் இவை எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசுகிற வினைகள். 'கி' சேருகிற சகவாசம் வேறு: தொடங்கு, விரும்பு, வெறு, எளிது, கடினம், காத்திரு. இவை காரியத்தில் இறங்குவது பற்றியவை. எந்த விகுதி வரும் என்பதை அடுத்து நிற்கிற வினைதான் தீர்மானிக்கிறது. தனியாக 'மொக்கி'யையும் 'மொகும்'மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

'தல்'லை விட்டுவிட்டு 'மை'க்கு வந்தால்

அப்புறம் எனக்குத் தமிழில் எதனோடு இவற்றை இணைப்பது என்ற கேள்வி வந்தது. 'கி'க்கு விடை சீக்கிரம் கிடைத்தது. அது தொழிற்பெயர் வேஷம் போட்ட நம் செய என்னும் எச்சம். சாப்பிடத் தொடங்கினான், சாப்பிட எளிது, சாப்பிடப் பிடிக்கவில்லை. இந்த மூன்று இடத்திலும் கொரியன் 'மொக்கி' என்றுதான் வைக்கும். தமிழில் யாரும் 'சாப்பிடுதலைத் தொடங்கினான்' என்று சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் அது மொழிபெயர்ப்பு வாடை.

'உம்'முக்கு விடை தந்தது இலங்கைத் தமிழ் நாளிதழ். செய்திகளின் கடைசி வரியில் 'நிகழ்வில் பலர் கலந்துகொண்டமை குறிப்பிடத்தக்கது' என்று வருமே, அந்தக் 'கொண்டமை'. தமிழ்நாட்டில் நாம் 'கலந்துகொண்டது' என்று முடித்துவிடுவோம். 'மை' நமக்குக் கொஞ்சம் சட்டைக்குக் கஞ்சி போட்ட மாதிரி. இலங்கையில் எழுத்தில் அது நன்றாகப் புழக்கத்தில் இருக்கிறது. இந்த 'வந்தமை'யையும் கொரியரின் 'வாஸும்'மையும் பக்கத்தில் வையுங்கள். ஓ என்ற வினையடி, இறந்தகால ஒட்டு, கடைசியில் உம். இங்கே வா என்ற வினையடி, 'ந்த்' என்ற இறந்தகால இடைநிலை, கடைசியில் மை. தொழிற்பெயர் காலம் காட்டாது என்ற விதிக்குத் தமிழிலேயே நிற்கும் விலக்கு இது. 'அவன் வந்தமை தெரியவந்தது' என்ற வாக்கியத்தைக் கொரியனில் சொல்லச் சொன்னால் உருபுக்கு உருபு அப்படியே இறங்குகிறது. எதிர்மறை 'வராமை'யும் உண்டு. இரண்டும் எழுத்து நடைக்கே உரியவை, இரண்டையும் பேச்சில் போட்டால் சிரிப்பார்கள். ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும்: நம் 'மை' 'வந்த' என்ற பெயரெச்சத்தின் மேல் ஏறுகிறது, 'உம்' காலம் காட்டும் ஒட்டின் மேல் நேராக ஏறுகிறது.

உறைந்துபோன 'உம்'மும் பதிவு செய்கிற 'உம்'மும் வேறு வேறு என்பதும் இங்கேதான் எனக்குத் தெளிந்தது. 'குமுல் கும்' என்று ஒரு நாட்குறிப்பில் எழுதலாம். முதல் கும் கனவு, இரண்டாவது கும் கண்டமை. முதலாவதுக்கு முன்னால் 'நல்ல' வரும், இரண்டாவதுக்கு முன்னால் 'நன்றாக' வரும். ஒன்று முழுப் பெயர், மற்றது இன்னும் வினையின் குணத்தை விடாத பெயர். நம்மிடம் 'நல்ல ஆட்டம்', 'நன்றாக ஆடியமை' என்று இரண்டு தனி விகுதி இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

இந்த இடத்தில் யாராவது 'பார்த்தீர்களா, கொரியன் தமிழிலிருந்துதான் வந்தது' என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. அப்பா, அம்மா பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றாத வாரமில்லை. கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே ஒரு இலக்கணம் வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, உருபுகளை வாலில் ஒட்டுகிற மொழிகள் இப்படிப் பல விஷயத்தில் ஒத்துப்போகும். ஜப்பானியம் போகும், துருக்கியம் போகும். 'மை'யிலும் 'உம்'மிலும் மகரம் இருப்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன். படிக்கிறவனுக்கு உறவு தேவையில்லை, ஒப்புமை போதும்.

மேலே இருந்து கீழே

'உம்' ஏன் இப்படிக் காகிதத்தில் ஒதுங்கியது என்று தேடியபோது, ஒரு காலத்தில் அது ஒதுங்கியிருக்கவில்லை என்று தெரிந்தது. மன்னர் செஜோங் 1446-இல் புதிய எழுத்தை வெளியிட்டபோது எழுதிய முன்னுரையைக் கொரியப் பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் படித்திருப்பார்கள். மூலம் செவ்வியல் சீனத்தில் இருந்தது. அதன் கொரிய வடிவம் 1459-இல் அச்சான ஒரு பௌத்த நூலின் தொடக்கத்தில் இருக்கிறது. மக்கள் எளிதாகக் கற்று, 'நாள்தோறும் பயன்படுத்துவதில்' வசதி பெற வேண்டும் என்று முடியும் அந்த வரி. அந்தப் 'பயன்படுத்துவதில்' அங்கே 'ஸுமே'. 'உம்'முக்குப் பழைய வடிவமான 'ஓம்', 'ஊம்' விகுதியோடு இடவேற்றுமை உருபு. இன்றைய கொரியர் அதே வாக்கியத்தைச் சொன்னால் பெரும்பாலும் 'நுன் கொத்' அல்லது 'கி' வைத்துத்தான் சொல்வார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் எங்கும் 'ஓம்', 'ஊம்'தான். உறைந்த பெயருக்கும் பதிவுப் பெயருக்கும் அப்போது தனித்தனி வடிவம் இருந்தது, நம்முடைய ஆட்டம், ஆடியமை போல. பிறகு அந்த உயிர் வேறுபாடு தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'கி' அப்போது அரிதாகத்தான் வரும். எளிது, கடினம் போன்ற சொற்களுக்கு முன்னால்கூட 'தி' என்ற வேறொரு விகுதி வந்தது. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் 'கி' மெல்ல மெல்ல 'தி'யையும் விழுங்கி, 'உம்'மின் நிலத்திலும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இப்போது 'கொத்' வந்து இருவரின் நிலத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே 'கி'யும் 'உம்'மும் 'கொத்'தும் ஒரே நாளில் உட்கார்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவை அல்ல. ஒன்று போன இடத்தில் இன்னொன்று குடியேறி, போனது கொஞ்சம் சாமானை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. மூன்று வரி வாய்பாட்டில் இதை அடக்கப் பார்த்தால் பிதுங்கத்தான் செய்யும்.

செக் ஷீட்டை மாற்றினேன். இடது பக்கம் 'சுத்தம் செய்ய வேண்டும்', வலது பக்கம் 'சுத்தம் செய்தாச்சு'. அலுவலகத் தாளில் 'ஆச்சு' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். 'செய்தமை' என்று போட்டுக் காட்டினேன், பேசாமல் போய்விட்டார்.

இப்போது மாலையில் இரண்டு பேருக்குக் கொரியன் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒருத்தி 'மொக்கி ஷில்தா'வுக்கும் 'மொங்நுன் கே ஷில்தா'வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். 'அவனோடு பேசப் பிடிக்கலை'க்கும் 'அவனோடு பேசுறது பிடிக்கலை'க்கும் என்ன வித்தியாசம் என்று திருப்பிக் கேட்டேன். முதலாவது இப்போதைக்கு மனசு வரலை, இரண்டாவது எப்பவுமே ஆகாது, வேற யாராவது பேசினாலும் ஆகாது என்று கொஞ்சம் யோசித்து அவளே சொன்னாள். அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். 'வாத்கி தேமுனே'வில் ஏன் 'கி' என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் முழுசாகப் பொருந்தாது. வந்துவிட்டதைப் பற்றிப் பேசுகிறது, பதிவும் செய்கிறது, ஆனாலும் 'கி'. அதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லிவிட்டேன்.